நிற்காத கம்ப்ரசர்

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் காற்றுக்காரர் என்று பெயர். கம்ப்ரசர் அறையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதே தொழிற்சாலையில் பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்தில் நான் நிற்கிறேன். ஆக, வீட்டிலும் அவர், வேலையிலும் அவர். தப்பிக்க வழியே கிடையாது.

அந்த மனிதருக்குக் காது கொஞ்சம் அதிகம். எங்கே 'உஸ்' என்றாலும் நின்றுவிடுவார். குக்கர் மூடியில் லேசாக ஆவி கசிந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து "ஒழுகுது" என்பார். அடுப்பு முன்னால் நிற்கிற எனக்குத் தெரியாதா? பேருந்துக் கதவு மூடும்போது சீறினால் டிரைவரிடம் போய், "அண்ணே, கதவு சிலிண்டர்ல வாஷர் போயிருக்கு, பாத்துக்குங்க" என்பார். டிரைவர் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் யாரோ போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

காது இந்த லட்சணம் என்றால் வாய் நேர்மாறு. யார் வந்து என்ன கேட்டாலும் 'முடியாது' என்ற சொல் அந்த வாயிலிருந்து வராது. எங்கள் வீட்டு ஏணி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் பரணிலிருந்து பாத்திரம் எடுக்க நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் பாதி வேலையைச் செய்வது காற்றுதான். சூடாக்கிய பிளாஸ்டிக் குழலை அச்சுக்குள் வைத்துக் காற்றை ஊதினால் அது உப்பிப் பாட்டிலாகும். என் இயந்திரத்தில் மூடியை அழுத்தி இறக்கும் தண்டு காற்றில்தான் போய்வருகிறது. இதையெல்லாம் நேராகக் கரண்டிலேயே ஓட்டித் தொலைத்தால் என்ன என்று கல்யாணமான புதிதில் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று சாயங்காலம் முழுக்கப் பாடம்.

"அது கழுவித் துடைக்கிற எடம். ஈரத்துல கரண்ட் கருவி ஷாக் அடிக்கும், காத்துக் கருவி அடிக்காது. பொறி பறக்காது. சுமை கூடுனா மோட்டார் எரிஞ்சுபோகும். காத்துல ஓடுறது சும்மா நின்னுக்கும், சுமைய எடுத்தா மறுபடி ஓடும். கைக்கும் கனமா இருக்காது. கம்ப்ரசர் ஒரு மூலைல இருந்தாப் போதும், பைப்பப் போட்டு எங்க வேணும்னாலும் கொண்டு போயிடலாம்."

"அவ்வளவு நல்லதா?"

"நல்லதுதான். ஆனா சும்மா வர்றது இல்ல. வெளிக்காத்த உறிஞ்சி நசுக்கித்தான டேங்க்ல அடைக்கிறோம்? நசுக்குனா காத்து சூடாகும். நாம குடுக்குற கரண்டுல பெரும்பங்கு அந்தச் சூடாவே போயிடுது. மிச்சம் இருக்குறதுதான் நமக்கு வேலை செய்யுது."

காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் சேருமாம், அதைத் தினமும் வடித்துவிட வேண்டுமாம். கம்ப்ரசருக்குள் ஊற்றுகிற எண்ணெயும் கொஞ்சம் காற்றோடு கலந்து வருமாம். டேங்க் நிறைந்ததும் கம்ப்ரசர் தானாக நின்று, அழுத்தம் இறங்கியதும் தானாக ஓட வேண்டுமாம். எல்லாம் சொன்னார். சொன்ன மனிதரின் கம்ப்ரசர் நின்று நான் பார்த்ததே இல்லை. விடிந்து நாங்கள் உள்ளே நுழைவதிலிருந்து வெளியே போகும்வரை 'தடதட'வென்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏன் நிற்கும்? காற்று என்றாலே ஓசி என்று அங்கே எல்லோருக்கும் நினைப்பு. துடைப்பம் பக்கத்திலேயே சாய்ந்திருக்கும், தரையைச் சுத்தம் செய்யக் காற்று வருகிற ஹோஸை எடுப்பார்கள். வேலை முடிந்ததும் சட்டைத் தூசியை அதே ஹோஸால் ஊதிக்கொள்வார்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும். மேனேஜர் காலையில் வந்ததும் முதல் காரியமாகத் தன் ஷூவைக் காற்றால் ஊதிப் பளபளப்பாக்கிக்கொள்வார். பைப் இணைப்புகளில் இருக்கிற ஓட்டைகள் தனிக்கணக்கு. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அழுத்தம் இறங்கும், என் மூடிகள் தளர்ந்து போகும். உடனே யாராவது கம்ப்ரசர் அறை வாசலில் போய் நிற்பார்கள்.

"அண்ணே, காத்து பத்தல. கொஞ்சம் ஏத்தி விடுங்க."

இவர் ஏற்றி விடுவார். அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டைகளிலும் கூடுதலாகப் போகும். போனால் மறுபடி பற்றாது. மறுபடி வருவார்கள். மறுபடி ஏற்றுவார்.

"தெரிஞ்சே ஏங்க ஏத்துறீங்க?"

"கேக்குறாங்களேம்மா."

இந்த மனிதரை என்ன செய்வது?

ஒருநாள் மேனேஜர் டேப்பை வைத்துக் குழந்தைகள் அறையை அளந்துகொண்டிருந்தார். கம்ப்ரசர் அறையும் அதுவும் ஒட்டினாற்போல இருப்பவை, நடுவில் ஒரே சுவர். வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளை அங்கே ஒரு ஆயா பார்த்துக்கொள்கிறாள். எங்கள் மகளும் அங்கேதான், இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. காற்று பற்றவில்லை என்று இன்னொரு கம்ப்ரசர் வாங்கப் போகிறார்களாம். வைக்க வேறு இடம் இல்லையாம். குழந்தைகள் அறையை எடுத்துவிடுவார்களாம்.

எங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த அறை போனால் நான் வேலையை விட வேண்டியதுதான். மூடி போடுவது ஒரு வேலையா என்று என் அண்ணன் கேட்பார். ஆமாம், வேலைதான். மாசம் பிறந்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறேனே, அது இதனால்தான்.

அன்று என் வீட்டுக்காரர் அதிசயமாக வாயைத் திறந்தார். "புதுசு வேண்டாம் சார். காத்து பத்தாம இல்ல, ஒழுகுது."

மேனேஜர் டேப்பைச் சுருட்டினார். "இத்தன நாளா ஒழுகுறப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க, காத்துக்காரரே? சரி, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல எல்லா மெஷினும் நிக்கும். யாரும் காத்து எடுக்க மாட்டாங்க. அப்ப உங்க கம்ப்ரசர் டேங்க நெரப்பிட்டு நின்னுச்சுன்னா நம்புறேன். நிக்கலன்னா திங்கக்கிழமை சுவர உடைக்க ஆள் வருது."

அந்த வாரம் முழுக்க இவர் சோப்புத் தண்ணீர் வாளியோடு அலைந்தார். இணைப்புகளில் தடவினால் ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். அங்கே மரையில் ஒழுகாத டேப் சுற்றி முடுக்குவார். அழுத்தத்தையும் பழைய அளவுக்கு இறக்கி வைத்தார். அவர் ஓட்டைகளை அடைத்தார், நான் ஆட்களின் வாயை அடைத்தேன். யார் கையில் ஹோஸ் இருந்தாலும் பிடுங்கித் துடைப்பத்தைக் கொடுத்தேன். "உன் சட்டைத் தூசிக்கு என் பிள்ளை தெருவுல நிக்கணுமா?" என்று கேட்டேன். மேனேஜர் மேஜையில் ஒரு ஷூ பிரஷ்ஷை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் ஷூவுக்கு அவர் அதைத்தான் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கம்ப்ரசர் அறையில் மேனேஜரும் நாங்கள் இரண்டு பேரும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். முள் ஏறியது. நிற்க வேண்டிய கோட்டுக்குப் பக்கத்தில் போய், அங்கேயே நடுங்கிக்கொண்டு இருந்தது. கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டே இருந்தது.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் மீட்டரையும் பார்க்கவில்லை, பைப்பையும் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு, கையிலிருந்த கந்தலைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த முழி எனக்குத் தெரியும். ஏணியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் வருகிற முழி.

"நான் போய்ச் சாப்பிட்டு வரேன்" என்றார் மேனேஜர். "அதுவரைக்கும் உங்களுக்கு டைம்."

அவர் போனதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று பக்கத்து அறைக்குப் போனேன். தூங்குகிற நேரத்தில் அம்மாக்கள் உள்ளே போகக் கூடாது, ஒருத்தியைப் பார்த்தால் எல்லாம் எழுந்துவிடும். வாசலோடு பிள்ளையைக் கொடுத்து வாசலோடு வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே போய்விட்டேன்.

பிள்ளைகள் வரிசையாகப் பாயில் கிடந்தன. என் மகள் நெற்றியில் முடி மெல்ல அசைந்தது. மேலே பார்த்தேன், ஃபேன் ஓடவில்லை. றெக்கையில் ஒட்டடை தொங்கியது. காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பினேன். பொம்மை அலமாரிக்குப் பின்னால் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய பைப் வந்திருந்தது. அதன் வாயில் ஒரு குட்டி மஞ்சள் சாக்ஸ் மாட்டி, நூலால் கட்டியிருந்தது. காற்றில் அது புஸ்ஸென்று உப்பியிருந்தது. துளிச் சத்தம் இல்லை.

என் மகளின் சாக்ஸ். அதைத் தொலைத்துவிட்டாள் என்று ஆயாவோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

ஆயா திருதிருவென்று விழித்தாள். "உன் வீட்டுக்காரர்தாம்மா. பிள்ளைங்கல்லாம் வேர்க்குருல துடிச்சுதுங்க. தம்பிகிட்ட சும்மா ஒரு வார்த்த கேட்டேன். உடனே செஞ்சு குடுத்துட்டாரு."

கேட்டாளாம், கொடுத்துவிட்டாராம். திரும்பினால் அவரே வாசலில் நிற்கிறார்.

"சுவர் வழியா சூடு வருதும்மா" என்றார் தணிந்த குரலில். "கம்ப்ரசர் சூடு அப்படியே இந்தப் பக்கம் இறங்குது."

"கம்ப்ரசர் ஏன் அவ்வளவு சூடாகுது?"

"ஓயாம ஓடுதே."

"ஏன் ஓயாம ஓடுது?"

அவர் பைப்பைப் பார்த்தார். அந்தச் சுவரில் என் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் சுவர் கொதித்தது.

"காத்துல எண்ணெ வரும்னு நீங்கதான சொன்னீங்க? அதையா பிள்ளைங்க மூஞ்சில விட்டீங்க?"

"தனியா ஃபில்டர் போட்டுத்தான் விட்டிருக்கேன். மத்த ஓட்டையெல்லாம் அடைச்சா, இது ஒண்ணு இருந்தாலும் நின்னுடும்னு நெனச்சேன்."

"நிக்கல."

"நிக்கல" என்றார். "மூடுனா பிள்ளைங்க வேர்த்து எந்திரிச்சுடும்மா."

"மூடலன்னா பிள்ளைங்களுக்கு ரூமே கெடையாதுங்க."

அலமாரி ஓரமாக உட்கார்ந்து வால்வில் கை வைத்தார். திருப்பவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டு நானே மூடினேன். சாக்ஸ் துவண்டு தொங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் தடதட என்ற சத்தம் இன்னும் சிறிது நேரம் கேட்டது. பிறகு நின்றது.

எங்களுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. பிள்ளைகள் பாடு கேட்கவே வேண்டாம். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவை. ஒன்று புரண்டது, இன்னொன்று சிணுங்கியது, அடுத்த நிமிஷம் அத்தனையும் எழுந்து உட்கார்ந்து வீறிட்டன. மேனேஜர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? யாராவது விழுந்துட்டாங்களா?"

"கம்ப்ரசர் நின்னுடுச்சு சார்" என்று அலறினேன். அலறாமல் கேட்காது.

நான் சாக்ஸை உருவி முந்தானையில் மறைத்துக்கொண்டேன். மறைத்து என்ன பிரயோஜனம்? என் வீட்டுக்காரர் பைப்பைக் கையால் சுட்டிக்காட்டி, "இது நான் போட்டது சார்" என்றார். உண்மை பேச அவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

மேனேஜர் பைப்பைப் பார்த்தார், ஒட்டடை தொங்குகிற ஃபேனைப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். "ஃபேன் ஓடலன்னு ஏன் யாருமே சொல்லல?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்றாள் ஆயா.

மேனேஜர் முகம் சுருங்கியது. திங்கட்கிழமை வருகிற ஆளிடம் சுவரை விட்டுவிட்டு ஃபேனை மாட்டச் சொல்கிறேன் என்றார். பைப்பை அன்றே பிடுங்கிவிட வேண்டும் என்று இவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் என் காதிலேயே கத்தினாள். கத்தட்டும், நாளைக்கும் இங்கேதானே தூங்கப் போகிறாள்.

இவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். "கேக்குதா?" என்றார் என்னிடம்.

"என்ன?"

"எங்கயும் ஒழுகல."

அத்தனை பிள்ளைகள் கத்துகிற இடத்தில் அந்த மனிதருக்குக் கேட்டது அதுதான்.

ஆயா இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "தம்பி, சத்தம் இல்லாம இதுங்க தூங்காது. அந்த மெஷின கொஞ்ச நேரம் சும்மாவாவது ஓட்டி விடேன்."

எனக்குப் பகீரென்றது. அவர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் கத்திக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"முடியாதும்மா" என்றார்.

கல்யாணமானதிலிருந்து அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஆயாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் முடியாது என்றார்.