பாப்பா நிஜமாகவே படிக்கிறாளா?

என் மகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்த வருஷம், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஆடு ஒன்று சந்தைக்குப் போகும் கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கடகடவென்று படிக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. செங்கத்தில் இருக்கும் என் நாத்தனார் போன் பண்ணி, "நாலு வயசுல இப்படிப் படிக்குதே, சுத்திப் போடுங்க" என்றாள்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இடித்தது. வீட்டில் 'அ'வைக் காட்டினால் 'ஆ' என்பாள். 'க'வைக் காட்டினால் ஜன்னலைப் பார்ப்பாள். அவளா ஒரு முழுப் புத்தகத்தைப் படித்தாள்?

இயர்போன் மாட்டிக்கொண்டு வீடியோவைத் திரும்பவும் கேட்டேன். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் முதல் வார்த்தையை யாரோ தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுப்பது கேட்டது.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். "உனக்கு எதுல தான் சந்தேகம் இல்ல? மிஸ் கூட ஹெல்ப் பண்ணக் கூடாதா?" என்று சோற்றைப் பிசைந்தார்.

அதே புத்தகத்தை வாங்கி வந்து, அவளை உட்காரவைத்தேன். வீடியோவில் வந்தது போலவே படித்தாள். பிறகு படத்தை மட்டும் கையால் மூடினேன். வாயும் மூடிக்கொண்டது.

"படிடா கண்ணு. எழுத்து தெரியுது இல்ல?"

"படத்த மூடிட்டா எப்பிடிம்மா படிக்கறது?"

நடுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். முதல் பக்கத்துக் கதையையே சொன்னாள்.

மறுநாள் பள்ளிக்குப் போய் மிஸ்ஸிடம் கேட்டேன். சின்ன வயசுப் பெண் தான். முகம் சுருங்கிவிட்டது. "எல்லாப் பசங்களும் மொதல்ல மனப்பாடமாத் தாங்க சொல்வாங்க. பேரன்ட்ஸ் தான் வீடியோ கேக்கறாங்க" என்றாள். அது பொய்யில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நானே ஆரம்பித்தேன். காய் நறுக்கும்போது, "கத்திரிக்கா எந்தச் சத்தத்துல ஆரம்பிக்குது?" என்று கேட்பேன். "ஊதா கலர்ல" என்பாள். விடமாட்டேன். தக்காளியை எடுத்து "தத்தத்தக்காளி" என்று திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டுவேன், விழுந்து விழுந்து சிரிப்பாள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத்துப் போடச் சொன்னேன். கதை சொல்லும்போது வரிக்குக் கீழே என் விரலை நகர்த்தினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் எது சொன்னாலும் உடனே ஒரு சோதனை வைத்தேன். பஸ் போர்டில் 'ப'வைக் காட்டினால் "யாரு சொல்லிக் குடுத்தா? அப்பாவா?" என்று கேட்டேன். காலண்டரில் 'ம' என்றால் காலண்டரைத் திருப்பி வைத்து, வேறு இடத்தில் 'ம'வைத் தேடச் சொன்னேன். கொஞ்ச நாளில் புத்தகத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் உட்கார ஆரம்பித்தாள்.

"நாலு வயசுப் புள்ளைய போலீஸ் மாதிரி விசாரிச்சா அது எப்பிடிப் படிக்கும்?" என்றார் கணவர். சுருக்கென்றது. கேள்வி கேட்பதை விட்டேன். கதை மட்டும் சொன்னேன். மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். ஆனால் அவள் கண் எழுத்தில் இருக்கிறதா படத்தில் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

ஒரு பௌர்ணமி சாயங்காலம், கிரிவலக் கூட்டத்தால் ஆட்டோவை ஊருக்குள் விடவில்லை. ஸ்கூல் விட்டு நானும் அவளும் நடந்தே வந்தோம். ரோட்டோரம் முளைத்த புதுக் கடை ஒன்றில், அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரே ஒரு வார்த்தை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். படம் எதுவும் இல்லை. என் கையை இழுத்து நின்றாள். உதடு அசைந்தது.

"அம்மா, இங்க பல்லு விக்கறாங்களா?"

"என்னது?"

"அதோ, ப... ல்... பல். எழுதி இருக்கே!"

அட்டையில் இருந்தது 'பால்'. கடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. மனப்பாடம் பண்ணிய குழந்தைக்கு இந்தத் தப்பு வராது. யாரும் எடுத்துக் கொடுத்தும் இது வராது. அவளே எழுத்து எழுத்தாகப் பார்த்திருக்கிறாள். 'ப'வுக்குப் பக்கத்தில் இருந்த துணைக்காலைத் தான் கவனிக்கவில்லை.

குனிந்து காட்டினேன். "ப பக்கத்துல ஒரு கால் நிக்குது பாரு. கால் வந்தா இழுத்துச் சொல்லணும்."

"பா...ல்." கொஞ்சம் யோசித்தாள். "ஓ, பாலா! எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு."

ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். வீடு வரும் வரை ஒவ்வொரு போர்டு முன்னாலும் நின்றாள். பாதி சரியாகச் சொன்னாள், பாதி தப்பு. ஒரு மெடிக்கல் கடைப் பெயரை முழுசாகச் சொன்னபோது, இது அவள் அப்பா மருந்து வாங்கும் கடையாச்சே, கேட்டுக் கேட்டு வந்ததாக இருக்குமோ என்று தோன்றியது. அவளிடம் அதைக் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தையும் அன்றைக்கு அவளிடம் காட்டவில்லை.