துடைக்காமல் திருப்பித் தரும் கத்தி

எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று உதடு மட்டும் அசைகிறது. சத்தம் இல்லை. கோவளம் மீன் மார்க்கெட் வாசலில், ஸ்டாண்டு போட்ட மொபெட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார் கிருபாகரன். முட்டியின் மேல் ஒரு வெட்டுக்கத்தி. இரண்டு பக்கமும் சாக்பீஸ் தேய்த்து, பவுடர் அப்பிய முகம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. நூறு எண்ணி முடிவதற்குள் இவர் கண் சிமிட்டுகிறாரா என்று நின்று பார்த்தவர்கள் உண்டு. சிமிட்டியதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

நூறு. தோளில் கிடந்த துணியை எடுத்து வெள்ளையைத் துடைக்கிறார். அதற்கப்புறம்தான் வண்டியை உதைத்து, பின்சக்கரத்தோடு பெல்ட் மாட்டிய சாணைக்கல்லைச் சுற்ற விடுகிறார்.

"நாலு பேரு கத்தி நிக்குது. நீ இன்னாத்துக்குய்யா வெள்ளையடிச்சிகினு கீற? பொங்கலா வருது?" என்கிறாள் நெத்திலி விற்கும் அம்சா.

"கம்முனு இரு அம்சா. அது சொல்லட்டும்."

மற்ற சாணைக்காரர்கள் கத்தியை வாங்கினால் நேராகக் கல்லில் வைப்பார்கள். இவர் முதலில் மண்ணெண்ணெயில் முக்குகிறார். படகுக்காரர்களிடம் கேட்டு வாங்கிய நீல எண்ணெய். சொட்டு இல்லாமல் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தேய்க்கிறார். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதற்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே ஊறி வரும். வெள்ளையில் ஒரு நீலக் கோடு எழும். மயிர் கனம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீளும். உள்ளே படுத்திருந்த ஏதோ ஒன்று முழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை கடப்பாக்கம், செவ்வாய் கோவளம், புதன் நெம்மேலி. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த வெட்டுக்கத்தியும் வரும், ஈசிஆர் பங்களாக்களின் பளபளக்கும் சமையல் கத்தியும் வரும். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். "மேல மினுக்குறதுக்கும் உள்ள கீறதுக்கும் சம்பந்தமே இல்ல" என்பார். கத்தி ஏன் உடைகிறது என்று யாராவது கேட்டால் பிடியைத் தட்டிக் காட்டுவார். "இதுக்குள்ள உப்புத்தண்ணி பூந்து, துரு தின்னுகினே இருக்கும். மேல ஒண்ணும் தெரியாது. எந்தக் கத்தியும் ஒரே நாள்ல உடையாது. ரொம்ப நாளா உடைஞ்சிகினேதான் இருக்கும். கடைசி நாளு மட்டுந்தான் நமக்குத் தெரியும்." சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். கேட்டவர் தன் முழங்காலையோ நெஞ்சையோ ஒரு தடவை தடவிக்கொண்டு போவார்.

இந்தப் பார்வை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் இருட்டறையில் நின்றவர். இரும்புச் சாமான்கள் மேல் ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊதா விளக்கைப் பிடித்தால், விரிசல் இருக்கும் இடம் பச்சையாக எரியும். அதைப் பார்த்துக் கழித்துப் போடுவதுதான் வேலை. ஒரு நாள் பாரம் தூக்கும் கொக்கி ஒன்று வந்தது. வளைவில் பச்சையாக ஒரு இழை. துடைத்த துணியின் நூலாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் வாரம் கொக்கி உடைந்தது. கீழே நின்றவர் சின்னையன். மத்தியானம் இவரோடு ஒரே டப்பாவில் சோறு தின்றவர். உடைந்த கொக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார் கிருபாகரன். இரும்பு உடைந்த முகத்தில் பாதி கருப்பு, பாதி வெள்ளி. கருப்பு, ரொம்ப நாளாகத் திறந்து கிடந்த விரிசல். வெள்ளி, அன்றைக்கு உடைந்தது. மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை.

சாணை பிடிக்க வந்த புதிதில் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருந்தார். கடப்பாக்கத்தில் மீன் வெட்டும் செங்கம்மாளிடம், "இது உடையும்மா, தூக்கிப் போடு" என்றார். அவள் போடவில்லை. மூன்றாம் நாள் கத்தி உடைந்து, துண்டு பறந்து புருவத்தைக் கிழித்தது. இவருக்குக் கரிநாக்கு என்று கரை முழுக்கப் பேச்சானது. அதிலிருந்து சொல்வதில்லை. நல்ல கத்தியைத் துடைத்துச் சாணை பிடித்துத் தருவார். கோடு விழுந்த கத்தியைத் துடைக்காமல் அப்படியே நீட்டுவார். வாங்குகிறவள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன செவ்வாய்க்கிழமை பானுமதி கத்தியோடு வந்தாள். அது மாமியார் ஆதியம்மாளின் கத்தி. அந்தம்மாவுக்கு முட்டி மடங்காமல் போனதிலிருந்து வெட்டுக்கட்டைக்கு முன்னால் உட்காருவது மருமகள்தான். அவள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னாம்மா வெரலு?"

"போன வாரம் வழுக்கிச்சிண்ணே. அத்த கத்திக்கு ருசி எடுத்துட்டாங்க. இப்ப பாரு, இன்னா கூரு! பிடியாண்ட மட்டும் மழுங்கிக் கீது, லேசா புடிச்சிக் குடு."

கையை அறுத்த கத்தி மனுஷ ரத்தத்தை ருசி பார்த்துவிட்டது, மறுபடியும் கேட்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அடுப்பில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, அலையில் மொண்டு வந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். சொய்ங் என்று வருகிற சத்தத்தில் ருசி போய்விடுமாம்.

கிருபாகரன் கத்தியை வாங்கி மண்ணெண்ணெயில் முக்கினார். காய்ந்த இரும்பை உப்புத்தண்ணீரில் போட்டால் மேல்தோல் சட்டென்று இறுகும். உள்ளே இன்னும் கொதிக்கும். ஒன்றை ஒன்று இழுத்து நடுவில் கிழியும். கூர் ஏறுவது நிஜம். கண்ணாடி மாதிரி ஏறும், கண்ணாடி மாதிரி உடையும். உடைந்து மறுபடி கையைக் கிழிக்கும். ருசி போகவில்லை என்று அடுத்த கத்தியையும் காய்ச்சுவார்கள்.

இருபது எண்ணுவதற்குள் கோடு வந்துவிட்டது. கத்தியின் கூர்வாயிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு. துடைக்காமல் நீட்டினார். பானுமதியின் முகம் வெளுத்தது.

நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள் ஆதியம்மாள். "நேத்து வரைக்கும் நல்லா இருந்த கத்தி! ஒன் கண்ணு பட்டுதான்யா கோடு வுழுது. செங்கம்மா புருவத்த கிழிச்சது பத்தலியா ஒனக்கு?" கத்தியைப் பிடுங்கி, வெள்ளையை உள்ளங்கையால் வழித்துவிட்டாள். "குந்துடி பானு. ஓட்டல்காரன் நிக்கிறான்."

பலகையில் பத்து கொடுவா மீன் தலைகள். எல்லாம் எலும்பு. பானுமதி குந்தினாள். முதல் தலையை இழுத்துக் கட்டைமேல் வைத்தாள். கத்தி மேலே போனது.

"யம்மா, வெட்டாத!"

வருஷக்கணக்கில் கிருபாகரன் யாருக்கும் சொல்லாத எச்சரிக்கை. கத்தி மேலேயே நின்றது.

"அந்தக் கத்திய எங்கைல குடு. உடைச்சிக் காட்றேன். எங்கண்ணு பட்டு வுழுந்த கோடா இருந்தா, உள்ள முழுக்கப் புதுசா வெள்ளி மாதிரி இருக்கும். முன்னாடியே இருந்ததுன்னா கறுத்துப் போயிருக்கும்."

"புதுசா இருந்தா?" என்றாள் ஆதியம்மாள்.

"இந்தக் கரைப்பக்கமே வரமாட்டேன்."

வண்டியில் முறுக்கியிருந்த வைஸ் இடுக்கியில் கத்தியைக் கடிக்க வைத்தார். ஈரச் சாக்கைப் போர்த்தினார். சுத்தியலால் ஒரே தட்டு. பலமான தட்டுகூட இல்லை. சாக்குக்குள் டிக் என்றது, அவ்வளவுதான். கத்தித் துண்டை எடுத்து, தான் பார்க்காமலே, உடைந்த முகத்தை அவள் பக்கம் நீட்டினார்.

மேலே கற்கண்டை உடைத்தாற்போல் வெள்ளை. கீழே, வாய்ப்பக்கம், அடுப்புக்கரி மாதிரி கருப்பு. ஆதியம்மாள் குனிந்து நகத்தால் கருப்பைச் சுரண்டினாள். நகம் கறுத்தது. மருமகளின் கட்டைவிரலைப் பார்த்தாள். கொடுவாத் தலையைத் தானே எடுத்துக் கூடையில் திருப்பிப் போட்டாள்.

பிறகு கிருபாகரனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உள்ள கீறதெல்லாம் ஒனக்குத் தெரியுது, இல்ல?" குரல் இறங்கியிருந்தது. கத்தியை வழித்த உள்ளங்கையை நீட்டினாள். சாக்பீஸ் அப்பி வெள்ளையாக இருந்தது. "எனக்கு எதுனா கீதான்னு பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அம்சாகூடச் சிரிக்கவில்லை.

கிருபாகரன் எண்ணத் தொடங்கவில்லை. தோளிலிருந்து துணியை இழுத்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, அவசர அவசரமாக அந்தக் கையைத் துடைத்தார்.