நான் முதலில் திறந்த பிடில்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். என் அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாகப் பேச வில்லாபுரத்தில் ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கிறது. நானும் சேர்ந்தால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. ஆனால் போன வாரம் எங்கள் கடைக்கு ஒருவர் பிடிலோடு வந்தார். வாசலில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தச் சிரிச்ச மொகத்து அண்ணே இல்லையா? சரி, நாளைக்கு வாரேன்" என்று திரும்பிப் போய்விட்டார். தாத்தா காலத்திலிருந்து பிடில் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் தொழில். அந்த வீட்டின் ஒரே மகன் நான். எனக்கும் முகம் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

மச்சான் சோழவந்தான்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். நாகமலை புதுக்கோட்டைக்குப் படிக்கப் போன அக்கா, பட்டத்தோடு இவரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கொடிக்கால் வேலை இல்லாத நாளெல்லாம் எங்கள் கடையில்தான் இருப்பார், வாய் மூடாமல். நானோ பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்தவன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஒரு பிடிலின் மேல்பலகையை என் கையால் திறக்க வேண்டும். பலகையை ஒட்டியிருப்பது வச்சிரப் பசை. மழுங்கிய மெல்லிய கத்தியை லேசாகச் சூடு காட்டி, ஓரத்து இடுக்கில் நுழைத்து, பசை 'டிக், டிக்' என்று விடுவதைக் கேட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். அப்பா அந்தக் கத்தியை யாரிடமும் கொடுத்ததில்லை. நான் தந்தி மாற்றினேன், முறுக்காணி சீவினேன், வருகிறவர்களைக் கேலி செய்து பொழுதைப் போக்கினேன். கத்தியைக் கேட்டால், "பொறுடா, தோதா ஒண்ணு வரட்டும்" என்பார்.

தோதாக ஒன்று வந்தது. பிடில் சொல்லித் தரும் டீச்சர் ஒருவர், வாசிக்கும்போது 'கிர்' என்று ஒரு அதிர்வு வருகிறது என்று கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிடிலைக் கொண்டு வருபவரை வாசிக்கச் சொல்ல மாட்டோம். பட்டறை மேசையில் சாய்த்து வைத்து, நாங்களே வில் போட்டுக் கேட்போம். அவுக வாசிச்சுக் காட்டித்தான் நமக்குக் கொறை தெரியணுமா என்பது அப்பாவின் பெருமை. அப்பா கேட்டார், பிடில் சுத்தமாகப் பேசியது. கொடுத்து அனுப்பினோம். டீச்சர் மறுபடியும் வந்தார். சத்தம் பிடிலிலா காதிலா டீச்சர் என்று நான் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. கச்சேரி நெருங்கிவிட்டது என்று சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. உள்ளே ஏதோ கட்டை பசை விட்டிருக்கும், திறந்துதான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்த அப்பா, கத்தியை என்னிடம் நீட்டினார். அந்த நிமிஷம் டீச்சரை நான் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

கத்தி சூடாகிக்கொண்டிருக்கும்போது மச்சான் காபியோடு வந்தார். "எந்த எடத்துல டீச்சர் கிர்ருங்குது? வாசிச்சுத்தான் காட்டுங்களேன்" என்றார். வழக்கம் தெரியாத மனிதர். அப்பா வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கிர். நானும் அப்பாவும் பிடிலைப் பார்த்தோம். மச்சான் காலைப் பார்த்தார்.

"கொலுசு புதுசா டீச்சர்?"

மகள் வாங்கித் தந்தது என்றார் அவர்.

"அதக் கொஞ்சம் மேல ஏத்திவிட்டு வாசிங்க."

சத்தம் நின்றுவிட்டது. பிடிலின் தலையில் கொலுசு உரசியிருக்கிறது. எங்கள் மேசைக்குக் கொலுசு கிடையாது.

அப்பா சிரித்தார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறந்ததிலிருந்து நான் செய்த சேட்டைக்கெல்லாம் சேர்த்தும் அப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

அதற்குப் பிறகு கடையில் நிரந்தரமாக ஒரு பாய் விரித்தாகிவிட்டது. யார் வந்தாலும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், பக்கத்தில் மச்சான் காபியோடு கதை கேட்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில், நிஜமாகவே உள்கட்டை விட்ட பிடில் ஒன்று வந்தது. அப்பா கத்தியைச் சூடு காட்டித் திரும்பினார். நான் கையை நீட்டினேன். கத்தி என்னைத் தாண்டிப் போனது.

"மாப்ள, நீங்க தொறங்க."

ச-வுக்கும் ப-வுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரிடம். வாங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு எதுக்கு மாமா? இது வெத்தல கிள்ளுற கை. நம்ம மச்சினன்கிட்ட குடுங்க, இம்புட்டு நாளா அந்தக் கத்தியவே பாத்துக்கிட்டு இருக்கான்."

திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு 'டிக்'காகக் கேட்டுச் சுற்றி வந்தேன். பலகை ஒரு சிலும்புகூட இல்லாமல் கையோடு வந்தது. அப்பா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரமெல்லாம் விரலை ஓட்டிப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றார்.

இன்றைக்குத் திறக்கிற வேலை எல்லாம் என்னுடையதுதான். ஒவ்வொரு முறை பசை விடும்போதும், இது அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டது என்ற நினைப்பும் சேர்ந்துதான் விடுகிறது. இதுவரை எழுதியதை, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதனுக்கு அனுப்பி, நியாயம் யார் பக்கம் என்று நீயே சொல் என்று கேட்டேன். உடனே பதில் வந்தது.

"மாப்ள, ஒங்க மச்சான் ஞாயித்துக்கெழம சும்மாதான் இருப்பாருன்னா, நம்ம கடைக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போகச் சொல்றியா?"