செல்லக்கனி துடைத்துக் கொடுத்த சைக்கிள்

தூத்துக்குடியில் இரும்பை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உப்புக்காற்று கேட்டுக்கொண்டா வரும்? ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், தையல் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று எதையும் விடாது. ஒரு மழைக்காலம் அசந்துவிட்டால் தொட்ட இடமெல்லாம் துரு உதிரும். அதனால் மகாராஜன் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் இரும்புக்கு எண்ணெய் போடுவார்கள். அவருடைய மனைவி செல்லக்கனி பழைய வேட்டித் துணியை மெஷின் எண்ணெயில் நனைத்துக்கொண்டு வாசல் கேட்டில் ஆரம்பித்துப் புழக்கடையில் முடிப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கை அதற்குப் பழகிவிட்டது. அந்தக் கைதான் ஒருநாள் மகாராஜனைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. அவள் பேரில் ஒரு குற்றமும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகாராஜன் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மாமாவின் கடைக்கு வேலைக்கு வந்து, மாமாவுக்குப் பிறகு அதே கடையை எடுத்து நடத்துகிறார். பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில் கடை. தோணிகளுக்கு வேண்டிய கயிறு, பெயின்ட், கிரீஸ், நங்கூரச் சங்கிலி எல்லாம் கிடைக்கும். ரொம்பச் சூதானமான மனிதர். கயிறு கேட்டு வருகிறவனிடம் எதைக் கட்டப்போகிறாய் என்று விசாரிக்காமல் ஒரு முழம்கூட அறுக்கமாட்டார். "அண்ணாச்சிகிட்ட கயிறு வாங்குறதும் பொண்ணு கேக்குறதும் ஒண்ணு" என்று தோணிக்காரர்கள் கேலி பேசுவார்கள். இப்பேர்ப்பட்டவர் நாற்பத்தாறு வயதில் மலை மேல் சைக்கிள் மிதிக்கப் போனார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

எல்லாம் சர்க்கரை நோயால் வந்தது. தினமும் உடம்பு வேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கும் பாலகணேஷ் அவருக்கு ஒரு பழைய கியர் சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தான். விடியற்காலையில் இரண்டு பேரும் உப்பளத்துச் சாலையில் மிதிப்பார்கள். இந்த ஊரில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ரயில்வே மேம்பாலம்தான். மற்றபடி கண்ணுக்கு எட்டியவரை பலகைபோல் தரை. எதிர்க்காற்று ஒன்றுதான் எதிரி. மிதிப்பதை நிறுத்தினால் காற்றே வண்டியை நிறுத்திவிடும். மிச்சத்துக்குச் செருப்புக் காலைத் தரையில் தேய்த்தால் போதும். பிரேக் என்ற ஒன்று வண்டியில் இருப்பதையே மகாராஜன் மறந்துபோயிருந்தார்.

"அண்ணாச்சி, இந்தக் காத்த எதுத்து மிதிக்கிற காலுக்கு மலையெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஒருக்கா மேகமலைக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்று பாலகணேஷ் ஒருநாள் ஆசை காட்டினான்.

மகாராஜன் சரி என்றார். அவருக்கே ஆச்சரியம். பிறந்ததிலிருந்து யாரோ போட்ட பாதையில் நேராகவே போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, ஒரு தடவையாவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னதும் செல்லக்கனியின் முகம் செத்துவிட்டது. அவளுக்கு நயினார் என்று ஒரே தம்பி இருந்தான். கல்லூரியில் படிக்கும்போது சிநேகிதர்களோடு வேனில் மலைக்குப் போனவன் பெட்டியில் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் மலைப்பக்கம் போனதில்லை. மகள் ரம்யாவைப் பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்குக் கூப்பிட்டபோதுகூடக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

"போகணும்னு முடிவு பண்ணிட்டிய. பெறகு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. சோறு வந்தது, காப்பி வந்தது, வார்த்தை வரவில்லை. கடைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று அவர் சொல்வார். அவள் அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். மகாராஜனுக்கு அது தாங்க முடியாத தண்டனை. போகவேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். அவளும் சொல்லவில்லை, இவரும் நிற்கவில்லை.

கிளம்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் புழக்கடையில் சைக்கிளைப் பார்த்தார். புதுசுபோல் மின்னியது. சட்டம், ஹேண்டில்பார், கம்பிகள், இரண்டு சக்கரத்தின் ரிம் வரைக்கும் எண்ணெய்த் துணியால் தேய்த்து வைத்திருந்தாள். அது வெள்ளிக்கிழமைகூட இல்லை. துணியைப் பிழிந்துகொண்டே, "அங்கன மழையும் பனியுமா இருக்குமாம். துருப் பிடிச்சிரும்லா" என்றாள்.

அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்பது மகாராஜனுக்குப் புரிந்தது. மனசு நிறைந்துபோயிற்று. பிரேக் கட்டை கவ்வுகிற ரிம்மில் பட்ட எண்ணெய் என்ன செய்யும் என்று, ஊர்ச் சங்கிலிக்கெல்லாம் கிரீஸ் விற்கும் அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. மறுநாள் பாலகணேஷ் வீட்டுக்கு மிதித்துப் போகும்போது தெருமுக்கில் வண்டி நினைத்த இடத்தில் நிற்காமல் இரண்டு முழம் தள்ளிப் போனது. வழக்கம்போலக் காலை ஊன்றிக்கொண்டார்.

சைக்கிள்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சின்னமனூரில் தங்கி, காலையில் மலையடிவாரத்துக்கு வந்தார்கள். வண்டியை அங்கேயே ஓரங்கட்டினார்கள்.

"பிரேக் பாத்தாச்சா அண்ணாச்சி?"

நின்ற இடத்தில் லிவரை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார்.

ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, காற்று வேறு, மலை வேறு என்று தெரிந்துவிட்டது. காற்று அடித்தாலும் நடுவில் ஓயும், மூச்சுவிட விடும். மலை விடவில்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நிற்பதோடு விடாமல் பின்னால் உருளப் பார்த்தது. ஊரில் தொடாமலே கிடந்த சின்ன கியருக்கு மாற்றினார். சங்கிலி நழுவி நழுவி விழுந்தது. தொடை எரிந்தது. காதுக்குள் இரத்தம் இரைந்தது. சர்க்கரை இறங்கிவிட்டால் ஆகும் என்று சட்டைப் பையில் வைத்திருந்த கருப்பட்டியை வாயில் போட்டார், விழுங்கத் தண்ணீர் இல்லாத தொண்டை அதை வெளியே தள்ளியது.

அந்தச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு பலகையை மகாராஜன் வாசித்தார். அப்புறம் நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. முன்சக்கரத்துக்கு முன்னால் இருந்த ஒரு முழத் தாரை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தார். ஒரு திருப்பத்தில் தெரியாமல் இடதுபக்கம் பார்த்துவிட்டார். சாலைக்கு அப்பால் தரையைக் காணோம். மரத்து உச்சிகள் காலுக்குக் கீழே கிடந்தன, அதற்கும் கீழே வெள்ளையாகப் பனி. கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஆழம் புதிதில்லை. ஆனால் கடல் ஆழத்தைத் தண்ணீர் மூடி வைத்திருக்கும். இங்கே அது திறந்து கிடந்தது. நயினார் போன வேன் இப்படி ஒரு இடத்தில்தான் போயிருக்க வேண்டும் என்று நினைத்தார். நினைக்காமல் இருந்திருக்கலாம்.

"இறங்கித் தள்ளுங்க அண்ணாச்சி, ஒண்ணும் தப்பில்ல" என்றான் முன்னால் போன பாலகணேஷ்.

"நீ போலே, நான் வாரேன்."

ஓரமாக நின்று ஒரு தடவை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். அவர் ஏறிய ஒவ்வொரு வளைவும் அவர் இறங்கவேண்டிய வளைவு. ஏறுகிறவன் பிரேக்கைத் தேடமாட்டான், அதனால் மலை கடைசிவரை ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை.

மேலே தேயிலைத் தோட்டம் தெரிந்தபோது மகாராஜனுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதார். டீக்கடையில் செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டியது. வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏறிட்டேன் கனி!"

"ஏறுனது இருக்கட்டும். இறங்குறப்பம் மெதுவா வாங்க" என்றாள் செல்லக்கனி.

திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. சாலையும் சைக்கிளும் ஈரம். "இனி மிதிக்கவே வேண்டாம், சும்மா உக்காந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பாலகணேஷ் முன்னால் போனான். அவன் சட்டையின் மஞ்சள் நிறம் மட்டும் பனிக்குள் தெரிந்தது.

முதல் சரிவில் மகாராஜன் பிரேக்கைப் பிடித்தார். லிவர் கல்மாதிரி இறுகியது. சக்கரம் கேட்கவில்லை. ஈரமாக இருக்கும் என்று நினைத்து இன்னும் அழுத்தினார். வண்டி வேகமெடுத்தது. ஊர்ப் பழக்கத்தில் காலைத் தரையில் வைத்தார். செருப்பு பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த திருப்பத்தை எப்படித் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. அதைத் தாண்டியதும் காற்றோடு சேர்ந்து ஒரு வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு முழுக்க அடிக்கும் மெஷின் எண்ணெய் வாசனை.

புழக்கடையில் மின்னிய ரிம் கண்முன் வந்து நின்றது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

சாவு பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நெஞ்சைப் பிடித்தது. இங்கே விழுந்து செத்தால் யாராவது சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பான். எண்ணெய் என்பான். அது செல்லக்கனியின் காதுக்குப் போகும். தம்பியை மலை தின்றது. புருஷனைத் தன் கையாலேயே தின்னக் கொடுத்தோம் என்று அவள் மிச்ச காலமெல்லாம் உட்கார்ந்து மருகுவாள். சாகக்கூடாது. வேறு எப்படிப் போனாலும் சரி, இதனால் மட்டும் சாகக்கூடாது.

"ஏலே, வழிய விடு! வழிய விடு!" என்று கத்தினார். பனிக்குள் மஞ்சள் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. இடதுபக்கம் பள்ளம். வலதுபக்கம் பாறை, பாறையை ஒட்டி மழைநீர் ஓடும் ஓடை. மகாராஜன் ஹேண்டில்பாரை வலதுபக்கம் ஒடித்தார். அது எந்தப் பூவின் வளைவு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கண் திறந்தபோது ஓடைச் சகதியில் கிடந்தார். வலதுகால் தன்னுடையதாகவே இல்லை. பாலகணேஷ் ஓடிவந்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தான். ஓடைக்கு மேலே சாலையில் கிடந்த சைக்கிளை நகர்த்தப் போனவன், சக்கரத்தில் பட்ட தன் விரலைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"என்ன அண்ணாச்சி இது, ரிம்முல எண்ணெயா இருக்கு! யாரு போட்டா?"

"நாந்தாம்லே. புத்தியில்லாம போட்டுட்டேன்" என்றார் மகாராஜன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜீப்பு எதுவும் வாரதுக்குள்ள அதத் தொடச்சிரு. சுத்தமாத் தொடச்சிரு" என்றார்.

காலில் கம்பி வைத்துக் கட்டுப்போட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். செல்லக்கனி அழவில்லை. கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?" என்றாள்.

"மாடு குறுக்க வந்துட்டு."

"மலையில எங்கன உள்ள மாடு?"

"காட்டு மாடு, கனி. அங்கன ரோட்டுலயே வந்து நிக்கும்."

அவள் நம்பிவிட்டாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவளே மாட்டுக் கதையைச் சொன்னாள். வாயிலிருந்து வாய்க்குப் போகப் போக மாடு வளர்ந்தது, கொம்பு நீண்டது. தோணிக்காரர்கள் கடைப்பக்கம் வந்து, "அண்ணாச்சி அந்த மாட்டயாவது கயிறு போட்டுக் கட்டியிருக்கப்பிடாதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மகாராஜனும் சிரித்துவைத்தார். இந்தப் பொய் அவருக்குப் பாரமாகவே இல்லை. கடைசிவரை சுமக்கலாம் என்றுதான் இருந்தார்.

பாலகணேஷ் நெளிந்த சக்கரத்தை மாற்றி, சைக்கிளைக் கொண்டுவந்து புழக்கடையில் விட்டுவிட்டுப் போனான். கல்லூரிக்குப் போகும் ரம்யா அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாளையிலருந்து இத நான் எடுத்துக்கிடுதேன். பஸ்ஸுல தொங்க முடியல" என்றாள். அவரும் தலையாட்டினார். பிள்ளை போகிற பாதை துறைமுகச் சாலை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. மகாராஜன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். வாசல் கேட் கிரீச்சிடுவது நின்றது. தையல் மெஷினின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. பிறகு புழக்கடையில் சைக்கிள் சக்கரம் டிக் டிக் டிக் என்று மெதுவாகச் சுழலும் சத்தம் கேட்டது. கூடவே அந்த வாசனை வந்தது.

"பாலகணேசு ரிம்முல ஒரு பொட்டு எண்ணெ இல்லாமக் கொண்டாந்து விட்டுருக்கான் பாருங்க. பிள்ள ஓட்டப்போறா. ரெண்டு நாளுல துரு ஏறிரும்லா?" என்று செல்லக்கனியின் குரல் வந்தது.

மகாராஜன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லலாம். அவள் தூங்கியபிறகு ரம்யாவை விட்டுத் துடைக்கச் சொல்லலாம். அடுத்த வெள்ளிக்கிழமை? அதற்கடுத்த வெள்ளிக்கிழமை? இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை வந்துகொண்டேதானே இருக்கும்.

"கனி."

"என்ன?"

"ரிம்முல மட்டும் எண்ணெ போடாத."

"ஏன்?"

"அங்கன பட்டா பிரேக் பிடிக்காது."

சக்கரத்தின் சத்தம் நின்றது. அவள் நடைவாசலில் வந்து நின்றாள். கையில் எண்ணெய்த் துணி இருந்தது. அவருடைய காலைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

"அப்பம் மாடு வரலியா?" என்றாள்.

மகாராஜன் எழுந்து அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். கால் விடவில்லை.

"வரல, கனி."