அரைக்கும் கூடத்துத் தூசி, 1987

மெத்தோதி கெர்கானோவின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் பைத்தியங்கள். அவரே அப்படித்தான் சொல்வார். கல்யாணமான வருஷத்தில் வாங்கிய கணினியில் அந்த வருஷத்து விண்டோஸ்தான் ஓடவேண்டும் என்று ப்ளோவ்திவ் நகரத்திலிருந்து ஒருவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பதின்மூன்று ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். பதினோராவது மக்கர் பண்ணும். மெத்தோதி மண்டையைச் சொறிந்துகொண்டு வேறொரு ஃபிளாப்பிக் கட்டிலிருந்து ஒரு பதினோராவதை எடுத்துவந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் திரையில் விண்டோஸின் அந்த மேகப் படம் வந்ததும் வந்த மனிதர் மூக்கை உறிஞ்சுவார். மெத்தோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அறுபத்தேழு வயது. பால்கன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடி. மனைவி இறந்த பிறகு படுக்கையறை முழுக்கப் பழைய கணினிகள். நடுவில், மேஜை மேல், ஒரு ப்ராவெட்ஸ், அந்த நாட்டிலேயே செய்த பழைய கணினி. ஊருக்கு வெளியே குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் ஆலை இருந்ததே, அதன் கணினி அறையில் அவர் ஆபரேட்டராக இருந்தபோது ஓட்டிய அதே இயந்திரம். ஆலையை இழுத்து மூடியபோது இரும்பு விலைக்கு வாங்கிவந்தார். இன்றைக்கும் அதை இயக்கும் மென்பொருளான டாஸைப் போட்டால் ஒழுங்காக எழுந்து நிற்கும்.

மேஜைக்கு மேலே சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: "முதலில் டேப். பிறகு ஃபிளாப்பி." பழைய ஃபிளாப்பியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டால் இயந்திரத்தால் படிக்க மட்டுந்தான் முடியும், எழுத முடியாது. தெரியாத ஃபிளாப்பியை டேப் ஒட்டாமல் உள்ளே விடுகிறவன் கையை ஒடிக்கவேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அது செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கட்டடமே மிளகாய் சுடும் வாசனையில் கிடந்தது. எல்லா பால்கனியிலும் குளிர்காலத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடி வெலிகா நாலாவது மாடிக்கு ஏறிவந்தாள். இரண்டு மாடி ஏற அவளுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. மூக்கில் குழாய், தோளில் ஆக்சிஜன் பெட்டி. ஆலையின் அரைக்கும் கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள்.

"என்னக்கா இது? ஒரு போன் பண்ணியிருந்தா நானே கீழ வந்திருப்பேனே?" என்றார் மெத்தோதி.

"உன் மூஞ்சியப் பாக்கவா ஏறி வந்தேன்? உன் ஓட்டை மெஷினப் பாக்க வந்தேன்டா." உட்கார்ந்து, மூச்சு திரும்பும்வரை கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "சோதனைக்கூடத்துல தூசி அளந்துட்டிருந்தாளே லில்யானா, அவ போன வசந்தத்துல போய்ட்டாள்ல. அவ பொண்ணு நிலவறையக் காலி பண்ணப்போ கெடச்சுதாம். எங்கிட்டக் குடுத்தா."

உறையில் ஊதா மசியில் எழுதியிருந்தது: "தூசி. அரைக்கும் கூடம். 1987."

மெத்தோதி எழுத்து கீழே போகும்படி உறையைத் திருப்பி வைத்தார்.

"வியாழக்கிழமை மெடிக்கல் கமிஷன்," என்றாள் வெலிகா. "போன தடவை என்ன எழுதுனாங்க தெரியுமா? சிகரெட்டால வந்த நுரையீரல் நோயாம். வாழ்நாள்ல ஒரு சிகரெட்டு தொட்டதில்லடா நானு! ஆலையோட காயிதம் எதுவும் இல்ல, நிரூபிக்க முடியாதுங்கிறான். இதுல இருக்குல்ல? பணத்துக்காக இல்ல. ஆலைத் தூசிதான் என்னைத் தின்னுச்சுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் நான் நிம்மதியா போறேன்."

அந்த ஃபிளாப்பியில் என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே இப்போது தெரிந்த ஒரே ஆள் மெத்தோதிதான். அந்த வருஷம் டிசம்பரில் தலைமை எஞ்சினியர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு மாதத் தூசி அளவுக்கும் புது எண்கள். பழைய கோப்பை அழித்துவிட்டு இதை ஏற்று, கீழே உன் பெயரைப் போடு என்றார். மெத்தோதி போட்டார். அடுத்த கோடையில் கருங்கடல் ஓரத்துத் தொழிற்சங்க விடுதியில் பத்து நாள் இடம் கிடைத்தது. அந்தப் பத்து நாளும் அவர் வீட்டுப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் வெலிகா.

பூஞ்சை பிடித்திருக்கிறது, படிக்காது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் ஏறிவந்த படிகள் கண்ணுக்குள் நின்றன. ஃபிளாப்பியின் பரப்பை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தார். இயந்திரத்தின் முதல் வாயில் டாஸ் ஃபிளாப்பி, இரண்டாவது வாயில் அவள் கொண்டுவந்தது. பச்சை எழுத்துகள் எழுந்தன.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. கணினி அறையிலிருந்து வேலைக் கூடங்களுக்குப் போகும் எந்த ஃபிளாப்பியும் டாஸ் ஏற்றப்படாமல் வெளியே போகாது; சோதனைக்கூடத்து ஃபிளாப்பிகளுக்கு மட்டும் அது தேவையில்லை. கூடங்களில் இருந்த இயந்திரங்களுக்கு ஒரு வாய்தான். வேலைக்கான ஃபிளாப்பியிலேயே டாஸும் இருந்தால்தான் அங்கே ஓடும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை டாஸை ஏற்றும் அந்த ஒரு கட்டளையை அடித்த கை அது.

கை அடித்தது. பொத்தானையும் தட்டியது.

படிக்கும்போது இயந்திரம் கறுக் கறுக்கென்று முனகும். எழுதும்போது அந்தச் சத்தம் வேறு, அழுத்தமாக, அவசரமில்லாமல் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மெத்தோதி தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். டேப் உருண்டை சீட்டுக்கு நேர் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஓடுதா?" என்றாள் வெலிகா.

"ஓடுதுக்கா."

கோப்பைத் திறந்தார். ஜனவரி 1.7. பிப்ரவரி 1.8. மார்ச் 1.6. வரிசையாக டிசம்பர் வரைக்கும். வெலிகா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே குனிந்தாள். ஒரு கன மீட்டர் காற்றில் ரெண்டு மில்லிகிராம் தூசி வரைக்கும் அனுமதி என்பது அந்த ஆலையில் வேலை பார்த்த எல்லாருக்கும் மனப்பாடம்.

"இது பொய்," என்றாள். "பக்கத்துல நிக்கிறவ மூஞ்சி தெரியாதுடா அந்தக் கூடத்துல. லில்யானா எங்கிட்டயே சொன்னா, இருபதத் தாண்டுதுன்னு. யாரு எழுதுனா இத?"

திரையின் அடியில் கடைசி வரி வந்து நின்றது. ஆபரேட்டர்: மெ. கெர்கானோவ்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மெத்தோதி எல்லாவற்றையும் சொன்னார். எஞ்சினியர், தாள், கடற்கரை, ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்கு மேலும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. டாஸ் அழிக்கச் சொன்னதை உடனே அழித்துவிடாது, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். லில்யானாவின் நிஜ எண்கள் இத்தனை வருஷமும் ஃபிளாப்பியின் முன்பகுதியில் அப்படியே கிடந்தன. டாஸை ஏற்றினால் அது போய் உட்காருவதும் அதே முன்பகுதிதான்.

"அப்போ இப்ப நீ..."

"இப்பதான்க்கா அழிஞ்சுது. கைப் பழக்கத்துல."

வெலிகா அவரையே பார்த்தாள். "கைப் பழக்கமா, பயமாடா?"

எது என்று மெத்தோதிக்கே தெரியவில்லை என்பதுதான் நிஜம். பாவி மனுஷன், கடைசிவரைக்கும் அது அவருக்குத் தெரியவும் இல்லை.

"முப்பது வருஷமா என் வீட்ல ரக்கியாச் சாராயம் குடிச்ச," என்றாள் அவள். கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. "என் புருஷன் இருமி இருமிச் செத்தப்போ சவப்பெட்டியத் தூக்குன. அப்பல்லாம் இது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "மிச்சம் எதாவது இருக்கா?" என்றாள்.

இருந்தது. கோப்பாக இல்லை. ஃபிளாப்பியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாகப் படித்துப் பார்க்கவேண்டியிருந்தது. இந்தத் தடவை முதலில் டேப் ஒட்டினார். மதியம் வரைக்கும் டாஸின் குப்பையாகவே வந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் ஓர் ஓரத்தில் மூன்று வரிகள் கிடைத்தன. அக்டோபர் 19.4. நவம்பர் 22.1. டிசம்பர் 20.6. ஊசி அச்சுப்பொறி அவற்றைக் கரகரவென்று தாளில் அடித்தது. வெலிகா தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கீழே இறங்கும்போது அவர் கை கொடுக்கப் போனார். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாவட்டத் தலைநகரில், கமிஷன் முன்னால் மெத்தோதியும் போய் நின்றார். அவளோடு ஒரே பஸ்ஸில், ஆனால் வேறு இருக்கையில். தலைவர் மரியாதையான மனிதர். ஃபிளாப்பியிலிருந்து அச்சடித்த முழு வருஷத்து அறிக்கையை ஒரு கையிலும் மூன்று வரித் தாளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஃபிளாப்பியில சமீபத்துல யாராவது எதாவது எழுதினாங்களா?"

"ஆமாங்க. செவ்வாய்க்கிழமை. நான்தான்."

"முழு அறிக்கையில இருக்கிற பேரும் உங்களுதுதானே?"

"ஆமாங்க. அது பொய். நான்தான் ஏத்துனேன்."

"சரி ஐயா. அப்போ பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இப்போ எழுதியிருக்கிறது நிஜம்னு நான் எதை வெச்சு நம்பறது?"

வெலிகா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, செவிலி ஓடிவந்து வெளியே கூட்டிப்போகவேண்டியதாயிற்று. முடிவில் பழைய வாசகமே நின்றது: சிகரெட்டால் வந்த நோய்.

நவம்பரில் அவள் போய்ச் சேர்ந்தாள். வெலிகாவின் மகள் வந்து கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்புகளைக் கட்டட வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினாள். படம், பெயர், வயது, "நீண்ட நோய்க்குப் பிறகு". மெத்தோதியை அடக்கத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். அவர் போகவில்லை.

மறுநாள் காலை, அந்த அறிவிப்புக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. ஊசி அச்சுப்பொறியில் அடித்தது, ஓரத்தில் துளைகளோடு. வெலிகாவின் பெயர். மூன்று மாதம், மூன்று எண். அனுமதி 2 என்று ஒரு வரி. அதற்கும் கீழே: மீதி ஒன்பது மாதத்தையும் அழித்தவர், ஆபரேட்டர் மெ. கெர்கானோவ்.

மகள் அதைக் கிழித்துப்போட்டாள். ஊர் வழக்கப்படி நாற்பதாம் நாள் புது அறிவிப்பு ஒட்டினாள்; மறுநாள் அதன் அடியில் மறுபடியும் அந்தத் தாள் இருந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, கிழிக்காமல் போனாள். மெத்தோதி ஆறாம் மாதத்துக்கும் ஒட்டினார், வருஷத்துக்கும் ஒட்டினார். இப்போதெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பழைய அரைக்கும் கூடத்து ஆட்களில் மிஞ்சியிருக்கிற நாலைந்து பேர், அதைப் படித்துவிட்டு இருமிக்கொண்டு நகர்கிறார்கள். மழைக்குத் தாள் கூழாகிப் போனாலும் நாலு மூலையிலும் அந்தக் கறுப்பு டேப் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.