முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு பஸ்

சிட்னி ரயில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஸ்டேஷனைச் சுற்றிப் புல்லும் மாடுகளும்தான். டாக்ஸி என்ற பேச்சே இல்லை. கல்யாணம் நடக்கும் பண்ணைக்கு ஒரேயொரு மினிபஸ், அதுவும் இரண்டு தடவை வந்து ஏற்றவேண்டும். "முதல்ல பொம்பிளையள் போகட்டும். நானில்லாமல் தாலி கட்டமாட்டினம்தானே" என்று பெருந்தன்மையாக இடம் விட்டுக்கொடுத்த ஐயர், இப்போது என்னோடு பிளாட்பாரத்தில் நிற்கிறார்.

போன பஸ் திரும்பி வருவதாயில்லை. மணப்பெண்ணின் தாய் ராணி அன்ரிக்குப் போன் போடுகிறேன்.

"அன்ரி, பஸ் எங்க?"

"இங்கதான் நிக்குது. டிரைவர் சாப்பிடுறார்."

"உடன அனுப்புங்கோ அன்ரி!"

"கல்யாணத்துக்கு வந்த மனுசனை வெறும் வயித்தோட அனுப்பேலுமே? கேசரி இப்பதான் வைக்கினம். நீர் அந்தரப்படாதையும், இங்க ஐயரையே இன்னும் காணேல்ல."

"ஐயர் எனக்குப் பக்கத்தில நிக்கிறார், அன்ரி."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழும் ஓசை.

கொஞ்ச நேரத்தில் புழுதி பறக்க பஸ் வருகிறது. சிவந்த முகமும் நெற்றி நிறையச் சந்தனமுமாக டிரைவர், பெல்ட்டைத் தளர்த்தியபடி, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறார்.

"போதும் போதும் என்று கையைக் காட்டினேன். கைக்கு மேலாலேயே போட்டுவிட்டார்கள்."

ஐயர் பையைத் தூக்கிக்கொண்டு நிதானமாகப் படியேறுகிறார்.

"சீக்கிரம் ஏறுங்கள்!" டிரைவர் அவரை விரட்டுகிறார். "முன்வரிசையில் எனக்குக் கதிரை பிடித்து வைத்திருக்கிறார்கள்!"