ஜவ்வாது மலையடிவாரத்தில் திராட்சை காய்ச்சப் போனேன்

மலைமேல் இருக்கும் எங்கள் சிறிய சபையின் ஈஸ்டர் திருவிருந்துக்குத் திராட்சரசம் கொண்டுபோகும் பொறுப்பை இந்த வருஷம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வழக்கமாக உலர்ந்த திராட்சையை ஊறவைத்துச் சமாளிப்பார்கள். கர்த்தருடைய பந்தியில் புதுப்பழத்தின் ரசம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

சனிக்கிழமை காலை 5.40க்கு வாணியம்பாடியில் பஸ். திருப்பத்தூர் பதினாலு மைல், டிக்கெட் 70 நயா பைசா. அங்கிருந்து மலையடிவாரத் தோட்டங்களுக்கு ஜட்காவில் நாலு மைல். முக்கால் ரூபாய் கேட்டவர் அறுபது பைசாவுக்கு இறங்கினார். (குதிரையைப் பார்த்த பிறகு மேலே பேரம் பேச மனசு வரவில்லை.) பந்தலுக்குப் பந்தல் திராட்சைக் கொடிகள், இலைகளுக்கு மேலே மலை.

பக்கத்துத் தோட்டங்களில் பழமெல்லாம் முதல்நாளே லாரி ஏறிவிட்டதாம். மிச்சம் இருந்தது ஒரு பாயின் தோட்டத்தில்தான்.

"ரெண்டு வீசை பழம் வேணுங்க."

"இன்னாத்துக்கும்மா அவ்ளோ?"

"காய்ச்சறதுக்கு" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மதுவிலக்கு நாட்டில், அதுவும் ரமலான் மாதத்தில், காய்ச்சுவது என்றால் ஒரே அர்த்தம்தானே!

"சாராயத்துக்கு எந்தோட்டத்துப் பழம் வராது. போய்ட்டு வாம்மா."

திருவிருந்துக்கு என்று விளக்கினேன், நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் மலைமேல் போய்ச் சேர வேண்டும். ஆனாலும் நான் நகரவில்லை.

"உங்க வூட்டு அடுப்புலயே காய்ச்சறேன் பாய். தப்பா இருந்தா மண்ணுல கொட்டிடுங்க."

அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்கக்கா, நோன்பு நாளு, அடுப்பு சும்மாதான் கெடக்குது."

பழத்தைப் பிசைந்து, கொதிக்கவிட்டு, துணியில் வடித்தேன். அந்த அம்மாள் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

"அட, சர்பத்துங்க இது! இதுக்கா இவங்கள நிக்க வெச்சீங்க?"

"ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லேன்" என்றார் பாய்.

"நோன்புல நான் எப்டி குடிக்கிறதாம்? நீங்க குடிக்கிறது!"

பாய் என்னைப் பார்த்தார்.

"நானும் உபவாசம்தான் பாய்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நான் கொண்டுபோயிருந்த புட்டிகளில் ரசத்தை ஊற்றியதும் பாயே தக்கை அடைத்தார். அந்த அம்மாள் இரண்டு தம்ளர் ரசத்தை மூடி வைத்துக்கொண்டார்.

போகிறவர்கள் பங்குனியில் போங்கள். மலைப்பாதை ஒன்பது மைல், நடைதான். சுமைக்கு மலைக்காரர் ஒரு ரூபாய் வாங்குகிறார். புட்டிக்கு ஈரத்துணி சுற்றுங்கள். பழம் எதற்கென்று கேட்டால் சர்பத்துக்கு என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை.

பதினொன்றரைக்கு ஏறத் தொடங்கி, சூரியன் இறங்கும் நேரத்தில் எங்கள் சபையின் கோயில் வாசலை அடைந்தேன். கீழே அவர்கள் இந்நேரம் நோன்பு திறந்து, தம்ளரை வாயில் வைத்திருப்பார்கள். எனக்கு ஈஸ்டர் விடிய இன்னும் ஓர் இரவு பாக்கி இருந்தது.